புல் காய்ந்துவிட்டதா? அமெரிக்காவில் மேய்ச்சல் இழப்புக்கு உதவித்தொகை வாங்கும் வழி

வறட்சியில் மேய்ச்சல் போய்விட்டால் அமெரிக்க அரசு ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குப் பணம் தருகிறது. திட்டத்தின் பெயர் லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் டிசாஸ்டர் புரோகிராம், சுருக்கமாக எல்எஃப்பி. வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி, அதாவது எஃப்எஸ்ஏ, இதை நடத்துகிறது. 2014 வேளாண் சட்டம் இதை நிரந்தரமாக்கிவிட்டது.

உங்கள் நிலத்தில் புல் எவ்வளவு கருகியிருக்கிறது என்பதை வைத்துப் பணம் வருவதில்லை. நாடு முழுக்க எங்கே எவ்வளவு வறட்சி என்று காட்டும், வியாழன்தோறும் வெளியாகும் டிராட் மானிட்டர் வரைபடம்தான் முடிவு செய்கிறது. உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏதாவது ஒரு பகுதி, அங்கே வழக்கமாக மேய்ச்சல் நடக்கும் காலத்தில், தொடர்ந்து 4 வாரம் டி2 என்ற கடும் வறட்சியில் இருந்தால் ஒரு மாதத் தொகை கிடைக்கும். 8 வாரத்தில் 7 வாரம் அப்படி இருந்தால் 2 மாதத் தொகை (2025இல் சட்டம் மாறுவதற்கு முன் 8 வாரம் முழுக்கக் காத்திருந்தால்தான் ஒரு மாதத் தொகையே). அதைவிடக் கடுமையான டி3 ஒரு முறை வந்தாலே 3 மாதத் தொகை, எல்லாவற்றிலும் கடுமையான டி4 வந்தால் 4, டி4 நான்கு வாரம் நீடித்தால் 5.

இந்த மேய்ச்சல் காலம் புல்லின் வகையைப் பொறுத்து மாறும், இங்கேதான் பலருக்குப் பணம் நழுவுகிறது. இயற்கைப் புல்லுக்கு ஒரு காலம், மேய்ச்சலுக்கென்றே விதைத்த கோதுமைக்கு வேறு காலம். அதனால் எஃப்எஸ்ஏ அலுவலகத்தில் ஏக்கர் கணக்கு கொடுக்கும்போது எந்த நிலத்தில் எந்தப் புல் என்று பிரித்து எழுதுங்கள், அதுவும் மழை நன்றாகப் பெய்கிற வருடத்திலேயே இந்த வேலையை முடித்து வையுங்கள். குத்தகை நிலம் என்றால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்ப்பேச்சில் முடித்த குத்தகையை அப்புறம் நிரூபிப்பது பெரும்பாடு.

ஆடு மாடுகளுக்கும் ஆதாரம் வேண்டும். வறட்சி தகுதி பெறும் தேதிக்கு முந்தைய 60 நாளில் அவை உங்கள் கையில் இருந்தன என்று காட்டவேண்டும், எனவே வாங்கிய ரசீது, விற்ற ரசீது, தடுப்பூசிச் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். வறட்சி தாங்காமல் விற்ற மாடுகளுக்கும், வழக்கமான விகிதத்தில் 80 சதவீதம் என்ற அளவில், தொகை உண்டு. ஆசைக்கு வளர்க்கும் குதிரைக்குக் கிடையாது.

மந்தைக்கான மாதத் தீவனச் செலவு, அந்த நிலம் தாங்கக்கூடிய அளவு மாடுகளுக்கான செலவு, இரண்டையும் கணக்கிட்டு எது குறைவோ அதில் 60 சதவீதம் தருவார்கள். நிலம் தாங்குவதைவிட அதிகமாக மாடு வைத்திருந்தாலும் கூடுதலாகக் கிடைக்காது. ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர்.

கூட்டரசு நிலத்தில் தீப்பிடித்து மேய்ச்சலுக்குத் தடை விதித்தால் கணக்கு வேறு: தடை இருந்த நாள்களுக்கு, 180 நாள் வரை, தீவனச் செலவில் 50 சதவீதம்.

விண்ணப்பப் படிவம் சிசிசி-853. இழப்பு நடந்ததற்கு அடுத்த வருடம் மார்ச் 1க்குள் கொடுக்கவேண்டும், ஆனால் அதுவரை இழுக்காமல் கவுண்டி தகுதி பெற்றதும் அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள். தண்ணீரையோ தீவனத்தையோ வண்டியில் கொண்டுவரும் செலவுக்கு இலாப் என்று தனித் திட்டம் இருக்கிறது, அதையும் அங்கேயே கேளுங்கள்.

சரி, புல் கருகியும் வரைபடத்தில் உங்கள் கவுண்டி வரவில்லை என்றால்? நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையத்தின் தளத்தில் நிலத்தின் படங்களோடு நிலைமையை நீங்களே பதிவு செய்யலாம். வரைபடம் தயாரிப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள், அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களையும் பதியச் சொல்லுங்கள்.