தினம் ஒரு எபிசோட்: சீரியல் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரியலுக்கு எழுத ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்தவுடனே ஒரு கதையைச் சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல கதையாகவே இருக்கும். ஆனால் இருபது எபிசோடில் தீர்ந்துவிடும். வாரத்துக்கு ஆறு எபிசோட் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 300-ஐத் தாண்டுகிறது. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 எபிசோடுகளைக் கடந்தது. 2014-இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ 2,000-ஐயும் தாண்டி 2022 வரை வந்தது. இந்த நீளத்துக்கு ஒரு தனிக்கதை தாங்காது. இந்தத் தொழிலை விட்டுப் பாதியில் போனவர்களில் எழுத வராதவர்கள் குறைவு. நன்றாக எழுதுகிறவர்கள்தான், தினசரி எழுத்துக்கென்று இருக்கும் நடைமுறையைக் கற்றுக்கொள்ளாமல், ஒரு பெரிய சினிமாவை எழுதுகிற மாதிரி எழுதிக் களைத்துப்போகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

முதலில் கதையின் அமைப்பு. சினிமாவுக்கு ஒரு முடிவு வேண்டும். சீரியலுக்கு, தீர்ந்த இடத்திலிருந்தே மறுபடி பிரச்சினை முளைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும். 2002-இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யைப் பாருங்கள். ஒரு அப்பா, ஐந்து மகள்கள். அதைச் சொல்லும்போதே ஐந்து புகுந்த வீடுகள், ஐந்து சம்பந்தி வீட்டார், ஐந்து விதமான மாப்பிள்ளைகள் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் சண்டை ஓயும்போது இன்னொரு வீட்டில் தொடங்கலாம், யாரும் வலிய வில்லத்தனம் செய்யத் தேவையில்லை. புதிதாக வருகிறவர்கள் “என் கதையில் ஒரு பயங்கர ட்விஸ்ட் இருக்கு” என்பார்கள். ட்விஸ்ட் ஒரு வாரம் ஓடும். அதற்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது. கதை சொல்லப் போகும்போது முதல் எபிசோடை எவ்வளவு அழகாகச் சொல்கிறீர்களோ, அதே தெளிவோடு நூற்றைம்பதாவது எபிசோடில் இந்த வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருப்பார்கள் என்பதையும் சொல்ல முடிய வேண்டும்.

அடுத்தது செலவு தெரியாமல் எழுதுவது. இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் கதை. வளசரவாக்கத்திலோ போரூர் பக்கத்திலோ வாடகைக்கு எடுத்த ஒரு ஷூட்டிங் பங்களாவில்தான் பெரும்பாலும் எல்லாம் நடக்கும். நடிகர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம். நீங்கள் ஹாலில் ஒரு சீன் எழுதி, குடும்பத்தில் பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்து, அதில் மூன்று பேரை மட்டும் பேசவைத்தால், மீதி ஒன்பது பேரும் சும்மா நிற்பதற்காகவே ஒரு நாள் கால்ஷீட் கொடுத்திருப்பார்கள். அந்த சீன் பேப்பரைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் மாறும். அதையே சமையலறையில் இரண்டு பேர், மாடிப்படியில் இரண்டு பேர் என்று பிரித்து எழுதினால் நாடகமும் கூடும், செலவும் குறையும். எல்லோரும் சேர்ந்து நிற்கிற காட்சி வேண்டுமென்றால் அதைச் சேர்த்துவைத்து எழுத வேண்டும். சீரியலில் கல்யாணமும் வளைகாப்பும் காதுகுத்தும் வாரக்கணக்கில் நடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒரே மண்டபம், ஒரே உடை, எல்லா நடிகர்களும் ஒரே இடத்தில், பல எபிசோடுகளுக்கான காட்சிகள். இந்தக் கணக்கு தெரிந்த எழுத்தாளரை டைரக்டர் லேசில் விடமாட்டார். இது எழுத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்களும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. இருக்கிற நாலு சுவருக்குள் ஒரு குடும்பத்தையே நம்பவைப்பது பெரிய வேலை.

எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 300 எபிசோடுக்குப் பிறகு, மூத்த மருமகளுக்கு அந்த நகை அடகு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிறந்த ஊர், வயது, படிப்பு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட முக்கியம், எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், எந்த எபிசோடில் யார் மூலமாகத் தெரிந்தது, யாரிடமிருந்து இன்னும் மறைத்துவைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல். குடும்ப சீரியலின் சுவாரஸ்யம் முழுக்க இதில்தான் இருக்கிறது. இந்தப் பட்டியல் கையில் இருந்தால், ட்ராக், அதாவது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கிளைக்கதை, வறண்டுபோகிற வாரத்தில்கூட அடுத்த சீன் அதிலிருந்தே கிடைக்கும். உங்களுக்கு உடம்பு முடியாமல் போய் இன்னொருவர் உட்கார்ந்து எழுத வேண்டி வந்தாலும் கதை பிசகாது.

அப்புறம் வியாழக்கிழமை. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் வாராவாரம் வருகிற நாள் அது. அன்று சீரியல் அலுவலகங்களில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை. எண் இறங்கினால் உடனே “ட்ராக்கை மாத்து, அந்தப் பொண்ணைக் கொண்டு வா, இவனை ஜெயில்ல போடு” என்று ஆளுக்கு ஒரு யோசனை வரும். எழுத்தாளர் செய்யும் பெரிய தவறு, அன்று சாயங்காலமே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை தொடங்கி முந்தைய வெள்ளிக்கிழமையோடு முடிந்த வாரத்துக்கான எண் அது. அதற்குப் பிறகு நாலைந்து எபிசோட் ஒளிபரப்பாகியிருக்கும். கையில் ஷூட் செய்த எபிசோடும் சில இருக்கும். நீங்கள் இன்று எழுதுவது திரைக்குப் போவதற்குள் பார்வையாளர் வேறு மனநிலைக்கு வந்திருப்பார். ஒரு வார இறக்கத்துக்குப் பயந்து வெட்டிய ட்ராக், காரணம் சொல்லப்படாமல் அந்தரத்தில் நிற்கும். அப்படி மூன்று ட்ராக் நின்றுவிட்டால் பார்க்கிறவர்களுக்குக் கதை மேல் இருந்த நம்பிக்கை போய்விடும், அதற்குப் பிறகு எந்தத் திருப்பமும் எடுபடாது. எந்த நாளில் இறங்கியது, எதிர் சானலில் அன்று புதுப் படம் போட்டார்களா, கிரிக்கெட் இருந்ததா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் ட்ராக்கை மாற்றத்தான் வேண்டும். அப்போதும், தொடங்கியதை இரண்டு எபிசோடில் ஒழுங்காக முடித்துவிட்டு மாற்ற வேண்டும் என்று விடாமல் வாதாடுங்கள். அந்த அறையில் கதைக்காகப் பேச எழுத்தாளரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஒரே நடிகர் மேல் மொத்தப் பாரத்தையும் ஏற்றிவைப்பதும் அபாயம்தான். ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரனாக வீட்டுக்கு வீடு பேசப்பட்ட மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென்று காலமானார். அதே சீரியலுக்கு டப்பிங் பேசப் போயிருந்த நேரத்தில் உடம்பு முடியாமல் போனது. பிறகு அந்தப் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் கதை நகர முடிந்ததென்றால், அந்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு போராட்டம் எழுதிவைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இவ்வளவு பெரிய சோகம் நடக்க வேண்டும் என்பதில்லை. பிரசவம், சினிமா வாய்ப்பு, சம்பளத் தகராறு, 2020-இல் வந்த மாதிரி ஒரு ஊரடங்கு என்று நடிகர் வராமல் போக ஆயிரம் காரணம் உண்டு. எந்த நேரத்திலும், முக்கியமான ஆள் பத்து நாள் வரவில்லை என்றால் யாரை வைத்து ஓட்டுவது என்ற பதில் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.

வசனத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் மௌனத்தையும் பார்வையையும் நம்பி எழுதுகிறார்கள். சீரியலைப் பாதிப் பேர் காதால்தான் பார்க்கிறார்கள். டிவி ஹாலில், அவர்கள் அடுப்படியில். யார் பேசுகிறார், எதைப் பற்றி, யார் மேல் கோபம் என்பது குரலிலேயே தெரிய வேண்டும். இதற்காக நடந்ததையே மறுபடி மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிப் பேச்சு இருந்தாலே போதும். வட்டாரப் பேச்சில் அக்கறை வையுங்கள். மதுரைக் குடும்பம் என்று சொல்லிவிட்டு அப்பத்தாவைப் பாட்டி என்று கூப்பிடவைத்தால் மதுரைக்காரர்களுக்கு அந்த வீடு உடனே அந்நியமாகிவிடும். தெரியாத வட்டாரமென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வசனத்தைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு, சட்டத்தை விசாரிக்காமல் எழுதுவது. ஒரு பெரியவர் ஹாலில் நின்று “கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கிடையாது” என்று தீர்ப்பு சொல்வார், மொத்தக் குடும்பமும் தலைகுனியும். தமிழ்நாட்டில் 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. அந்தப் பெரியவர் அப்படிப் பேசலாம், நிஜத்திலும் பேசுகிறார்கள். ஆனால் அதே ட்ராக்கில் யாராவது ஒருவர், ஒரு வக்கீலோ காலேஜ் படிக்கிற பேத்தியோ, மறுத்துச் சொல்ல வேண்டும். விவாகரத்தும் அப்படித்தான். ஒரு கையெழுத்து, அடுத்த நாள் இன்னொரு கல்யாணம் என்று எழுதுகிறோம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக்கூட ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகும் பொதுவாக ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னபடி, அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம். அந்தக் காத்திருப்பில் எத்தனை எபிசோடுக்கான நாடகம் இருக்கிறது! லட்சக்கணக்கான பெண்கள் தினமும் பார்க்கிற ஒன்றில், அவர்களுக்கு உரிமையே இல்லை என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு வக்கீலுக்குப் போன் செய்தால் பத்து நிமிட வேலை.

வாய்ப்பு தேடுகிற விஷயத்தில், நேராகக் கதாசிரியராகவே நுழைவேன் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சானலில் கதை ஓகே ஆக நாளாகும். பல சீரியல்கள் வேறு மொழியிலிருந்து வருகிற ரீமேக்குகள். ‘பாக்கியலட்சுமி’ வங்காளத்து ‘ஸ்ரீமோயி’யிலிருந்து வந்ததுதான். ஓடிக்கொண்டிருக்கும் சீரியலில் டிஸ்கஷனுக்கு உட்காரவோ, வசனத்துக்கு உதவியாளராகவோ இடம் கிடைத்தால் போய்விடுங்கள். அங்கே உங்கள் சீனை மற்றவர்கள் கிழிப்பார்கள். மனம் நோகாமல் அதே சீனுக்கு இன்னும் இரண்டு வழி சொல்கிறவர்தான் அடுத்த சீரியலுக்கும் கூப்பிடப்படுகிறார்.

கடைசியாக, எழுத்தாளர்கள் கூச்சப்பட்டே கோட்டைவிடுகிற இடம் ஒப்பந்தம். “எல்லாம் நம்ம ஆளுங்கதான்” என்று வாய்ப்பேச்சில் தொடங்கி, ஆறு மாதச் சம்பளம் நின்றுபோன பிறகு கேட்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை சொல்லப் போவதற்கு முன் அதை விரிவாக எழுதி எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். கதையைச் சுருக்கமாகச் சொல்கிற வெறும் ஒன் லைனுக்குப் பாதுகாப்பு கிடையாது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்கோ கருப்பொருளுக்கோ பதிப்புரிமை இல்லை, அதை விரித்து வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பாத்திரங்கள், சம்பவங்கள், சீன்களின் வரிசை எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிய தேதியும் உதவும்.

ஒப்பந்தத்தில் எபிசோடுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம் இவற்றில் எதற்கு உங்கள் பெயர் வரும்? எழுதி வாங்கிக்கொண்டு ஷூட் செய்யாத எபிசோடுக்குப் பணம் உண்டா? உங்களை மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? அப்புறம் ரீமேக். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்கில் ‘வதினம்மா’வாகவும், மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ ஆகவும், இந்தியில் ‘பாண்ட்யா ஸ்டோர்’ ஆகவும் போனது. நீங்கள் எழுதியது அப்படிப் போனால் உங்களுக்கு என்ன என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது ஐந்து வருடத்துக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இதனால்தான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று தெளிவாக எழுதியிருப்பார்கள். 2012 திருத்தம், திரைப்படத்தில் சேர்ந்த எழுத்தைத் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தும்போது எழுதியவருக்கு வர வேண்டிய ராயல்டி உரிமையை, அவருடைய வாரிசுகளையும் பதிப்புரிமைச் சங்கத்தையும் தவிர வேறு யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்கிறது. இதில் வீடியோ வடிவமும் அடங்கும் என்பதால் சீரியல் எழுத்தாளர் அந்த வரியைத் தைரியமாகக் கேட்கலாம். கேட்டவுடன் கிடைத்துவிடாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் உங்கள் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு அதற்குப் பிறகு இருக்காது. அதனால் அன்றைக்கே கேளுங்கள், ஒரு பிரதி வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.