கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு: உதவி கேட்கத் தொடங்கும் விதம்

கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு உள்ள பலர் மருத்துவரிடம் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் எடை கூடிவிட்டது என்று சொல்லிப் போகிறார்கள். எடையைப் பற்றிப் பேசினால் எடைக்கான பதில்தான் கிடைக்கும். குறைவாகச் சாப்பிடுங்கள் என்ற அறிவுரையோடு வீடு திரும்பி, இரண்டு நாள் வயிற்றைக் காயப்போட்டு, மூன்றாம் நாள் இரவு முன்பைவிட அதிகமாக உண்டுவிட்டு, இனி யாரிடமும் போய்ப் பயனில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே எதற்காக உதவி கேட்கப் போகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதையே இங்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

விருந்தில் ஒரு பிடி கூடுதலாக உண்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் அதே சூழலில் உண்ணக்கூடியதைவிட மிக அதிகமாக உண்பதும், அப்போது கையை நிறுத்த நம்மால் முடியவில்லை என்ற உணர்வு இருப்பதும்தான் இதன் அடையாளம். பசியே இல்லாதபோது உண்பது, வயிறு வலிக்கும்வரை வேகவேகமாக உண்பது, வெட்கத்தால் தனியே உண்பது, பிறகு தன்மீதே அருவருப்பு கொள்வது ஆகியவை உடன் வரும். இப்படி வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதங்களாக நடந்து வந்தால், அதை மருத்துவர்கள் பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர் என்று கணிக்கிறார்கள். உண்டதை வாந்தியெடுத்தோ பேதி மருந்து கொண்டோ வெளியேற்றும் வழக்கமும் இருந்தால் அது புலிமியா என்ற வேறு கோளாறாக இருக்கலாம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959-லேயே இத்தகைய உண்ணலைப் பற்றி எழுதிவிட்டார் என்றாலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது 2013-ல்தான். உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கே இது அவ்வளவு பழக்கப்படாததாக இருக்கக்கூடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பருமனானவர்களுக்கு மட்டும் வருவது என்றோ பெண்களுக்கு மட்டும் வருவது என்றோ நினைப்பதும் தவறு. எந்த எடையிலும், ஆண்களுக்கும் வருகிறது.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாரமாவது சிறு குறிப்பு எழுதி வையுங்கள். எத்தனை கலோரி என்ற கணக்கு அதில் வேண்டாம். அது மனத்தை மீண்டும் எடைக்கே இழுத்துச் செல்லும். நேரம், இடம், அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது ஆகியவை போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: ‘இரவு 10.40. சமையலறையில் நின்றபடி, விளக்கைப் போடாமல். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாலையில் வீட்டில் வாக்குவாதம். நிறுத்த நினைத்தும் முடியவில்லை. காலி உறைகளைக் குப்பைத் தொட்டியின் அடியில் தள்ளி, மேலே காகிதம் போட்டு மூடினேன்.’ இதை எழுதும்போது கை கூசும் என்பதை நான் அறிவேன். ஆனால் இந்த ஆறு வரிகளில், நெடுநேரப் பட்டினி, மனவருத்தம், தனிமை, மறைத்தல் என்று சிகிச்சைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. வாயால் சொல்ல முடியாதவர் அந்தத் தாளையே மருத்துவரிடம் நீட்டலாம்.

முதலில் குடும்ப மருத்துவரிடம் போவது நல்லது. ரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைப் பார்த்துவிட்டு அவரே மனநல மருத்துவரிடமோ, உணவுக் கோளாறுகளில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடமோ அனுப்பிவைப்பார். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: “டாக்டர், வாரத்தில் இத்தனை முறை என்னால் நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேன். இது உணவுக் கோளாறா என்று பார்த்து, அதற்கான சிகிச்சைக்கு அனுப்புங்கள்.” அதைக் கேட்ட பிறகும் பேச்சு உணவுக் கட்டுப்பாட்டுக்கே திரும்பினால், “கட்டுப்பாடு வைக்கும்போதெல்லாம் இது கூடுகிறது” என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். அங்கும் காது கொடுக்கப்படவில்லையென்றால் வேறொரு மருத்துவரைத் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு கதவு திறக்காததை உங்கள் நோய் பொய் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டினிக்கும் இந்த உண்ணலுக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமன்று. 1944-லும் 1945-லும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை. மீண்டும் வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது அவர்களில் சிலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். உறுதியற்ற மனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் இரவுகளில் அந்த மனிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் சிகிச்சையின் முதற்படி, கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், ஒழுங்காகச் சாப்பிடுவதாக இருக்கிறது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுணவுமாக, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் உண்ணச் சொல்வார்கள். முந்தின இரவு என்ன நடந்திருந்தாலும் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி இந்த ஒழுங்கிலிருந்து தொடங்கி, தூண்டும் சூழல்களையும், உடலைப் பற்றி நமக்குள் ஓடும் கடுமையான தீர்ப்புகளையும் எடுத்துப் பேசுகிறது. பிரிட்டனில் மருத்துவச் சிகிச்சைகளுக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது வழிகாட்டலுடன் கூடிய சுய உதவித் திட்டம். 16 வாரங்களில் நான்கு முதல் ஒன்பது குறுகிய சந்திப்புகள். அது பலன் தராவிட்டால் குழுவாகவோ தனியாகவோ சிபிடி. இச்சிகிச்சைகளால் எடை பெரிதாகக் குறையாது என்பதையும் அந்த வழிகாட்டுதல் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. இது தெரியாமல் போகிறவர்கள், உண்ணல் அடங்கிவந்த பிறகும் எடையைப் பார்த்து ஏமாந்து பாதியில் விட்டுவிடுவதால், தெரிந்துகொண்டு போவதே நல்லது.

மருந்துகளைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிலருக்கு உதவுகின்றன. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2015-ல் இக்கோளாறுக்காக ஒப்புதல் கிடைத்தது. அதற்கு அடிமையாகும் ஆபத்தும், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும் தன்மையும் இருப்பதால், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றித் தொடக் கூடாது.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அறிவுரையை அடக்கிக்கொண்டு கேட்கக்கூடிய ஒருவர் போதும். அக்காவோ, தோழரோ, கணவரோ மனைவியோ யாராக இருந்தாலும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது: “நான் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காதே, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிரு, முதல் சந்திப்புக்குக் கூட வா.” இதைப் படிக்கும் உறவினர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். அலமாரியைப் பூட்டாதீர்கள், எடையைக் கேட்காதீர்கள், ‘இவ்வளவுமா சாப்பிட்டாய்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பூட்டு பசியை அடக்காது. மறைத்து உண்ணும் பழக்கத்தைத்தான் வளர்க்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் முறை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மயக்கம், நெஞ்சுவலி, கடும் வயிற்றுவலி, வாந்தியில் ரத்தம் ஆகியவற்றுக்கும் அப்படியே. அன்றே, அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், தனியே போகவும் கூடாது.

சிகிச்சை தொடங்கிய பின் ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதுண்டு. அந்த வாரம்தான் பலரும் சந்திப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். நல்ல செய்தி கொண்டுபோக வேண்டும் என்று சிகிச்சையாளர் எதிர்பார்ப்பதில்லை. அந்த மோசமான வாரத்தின் குறிப்புகளை வைத்துத்தான் அவரால் அதிகம் உதவ முடியும். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.