உள் பரிசோதனை: கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வரும் பெண்கள் பலருக்கு, 'உள்ளே பார்க்கணும்' (பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் பரிசோதனை) என்றதுமே முகம் இறுகிவிடும். அதனால் மேசையில் படுக்க வைத்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள். புடவையோடு உட்கார்ந்திருக்கும்போதே என்ன செய்யப் போகிறோம், எதற்கு, 'போதும்' என்றால் உடனே நிறுத்திவிடுவோம் என்பதையெல்லாம் சொல்லி, அவர் வாயாலேயே 'சரி' வாங்குங்கள். மாமியார் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. தேன்கனிக்கோட்டை என்றால் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்ல ஆள் வேண்டியிருக்கும்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரை முழுசாக மூடுகிறதா பாருங்கள் (பல இடங்களில் மூடாது). பரிசோதிப்பவர் பெண்ணாக இருந்தாலும் துணைக்கு ஒரு பெண் பணியாளர் இருக்கட்டும்.

அப்புறம் ஸ்பெகுலம், அதாவது உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவி. மார்கழிக் காலையில் ஓசூரில் அந்த இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும். கிருமி நீக்கியதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முதலில் தொடையில் தொட்டுக் காட்டுங்கள். மூடியபடியே சற்று சாய்த்து, மேலே சிறுநீர்த் துளைப் பக்கம் அழுத்தாமல், பின்பக்கம் கீழ்நோக்கி மெதுவாக நுழைத்து, முழுசாக உள்ளே போனபிறகே திறங்கள். வெளியே எடுக்கும்போது அவசரப்பட்டு உள்ளேயே மூடிவிட்டால் சதை கிள்ளும், அந்த வலியை அவர் மறக்கமாட்டார், அடுத்த முறை வரவும் மாட்டார். திருகைத் தளர்த்தி, கருப்பை வாயைத் தாண்டியபின் மெல்ல மூடிக்கொண்டே எடுங்கள்.

மாதம் ஏறிய கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால், நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப் பக்கம் கீழே இல்லை என்று ஸ்கேனில் தெரியும்வரை விரல் வைக்கவே வேண்டாம்.