ஈர ஓலையை நம்பாதீர்கள்: கூடை பின்னுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வகுப்பில் ஒருவர் பச்சை ஓலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன மிருதுவா இருக்கு, சொன்னபடி வளையுதே!" என்று பூரித்துப்போனார். பத்து வருஷத்துக்கு முன்னால் அதே பூரிப்பு என் முகத்திலும் இருந்தது. அதற்கு நான் பட்ட பாடு தெரியும் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மேல், கீழ் எண்ணிக்கை தப்புவது, விரலைக் கிழித்துக்கொள்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டு நாளில் கையே கற்றுக்கொள்ளும்.

ஈரத்தோடு பின்னுவது

நார் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் சுருங்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நீளவாக்கில் அது குறைவது கண்ணுக்கே தெரியாது. குறைவதெல்லாம் அகலத்திலும் தடிமனிலும்தான். அதனால் காய்ந்த கூடை சின்னதாகிவிடாது. சுற்றளவு அப்படியே இருக்க, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே சந்து விழும். நேற்றுவரை நெருக்கிப் பிடித்திருந்த பின்னல் இன்று லொடலொட என்று ஆடும்.

ஒரு கண்காட்சிக்காக இடுப்புயரத்தில் ஓர் உருவம் பின்னினேன். பச்சை ஓலை பல வரிசை, செம்புக் கம்பி சில வரிசை என்று மாறிமாறி வரும். நெட்டுக்குச்சிகளும், அதாவது நார் மேலும் கீழுமாகச் சுற்றிவரும் செங்குத்துக் குச்சிகளும், கம்பிதான். மூன்று வார உழைப்பு. திறப்பு நாளன்று கல் மாதிரி நின்றது. அதன்மேல் நாள் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. பத்தாம் நாள் போய்ப் பார்த்தால், ஓலை வரிசைகள் எல்லாம் நழுவி, நாடா போன காலுறை மாதிரி அந்தந்தக் கம்பி வரிசைமேல் குவிந்து கிடக்கின்றன. கம்பி மட்டும் பட்டினி கிடந்தவன் விலா எலும்பாக மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. பொறுப்பாளர் பக்கத்தில் வந்து, "இதுதான் நீங்க சொல்லவந்த கருத்தா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெட்கம் எப்போதோ போய்விட்டது, எரிச்சல் போகவில்லை. ஏனென்றால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், "நல்லா ஊறவை, சுலபமா வளையும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்றைக்கும் செய்முறைக் காணொளிகளில் "ராத்திரி முழுக்க ஊறவையுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். எதை ஊறவைப்பது? பிரம்பின் உள்தண்டைச் சீவி எடுத்த மெல்லிய நாருக்கு அரை மணி நேரமே தாராளம். ராத்திரி முழுக்கக் கிடந்தால் நிறம் மங்கி, மேலெல்லாம் மயிர்போலச் சிலிர்த்துக்கொள்ளும். பட்டையோடு காயவைத்த வில்லோ மரக் குச்சிக்கோ ஓர் அடி நீளத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு. அதற்கு ஒரு ராத்திரி எந்த மூலைக்கு?

பச்சை ஓலையை முதலில் நிழலில் முழுசாகக் காயவிடுங்கள். சுருங்கவேண்டியதெல்லாம் உங்கள் கைக்கு வரும் முன்பே சுருங்கித் தொலையட்டும். பின்னுவதற்கு முந்தின நாள் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும். விரலில் சுற்றும்போது படக்கென்று சத்தம் வராவிட்டால் பதம் சரி. சந்தேகமாக இருந்தால், பதமான பத்துத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி மொத்த அகலத்தை அளந்து எழுதிவையுங்கள். காய்ந்தபிறகு மறுபடி நெருக்கி அடுக்கி அளங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ, பத்து வரிசைக்கு அவ்வளவு சந்து உங்கள் கூடையில் விழப்போகிறது.

இன்னொன்று. பின்னி முடித்த கையோடு, குச்சி முனைகளை மடக்கி விளிம்பை முடித்து வாய் கட்டாதீர்கள். இரண்டு நாள் காயவிட்டு, வரிசைகளைக் கீழ்நோக்கித் தட்டி இறுக்கி, மிஞ்சுகிற இடத்தில் மேலும் சில வரிசை ஏற்றுங்கள். அப்புறம் குச்சி முனைகளை மட்டும் நனைத்து வாய் கட்டலாம். கட்டிவிட்டால் பிறகு உள்ளே எதையும் இறுக்க வழி கிடையாது. சுருங்குகிற பொருளையும் சுருங்காத பொருளையும் சேர்த்துப் பின்னும்போது இதை இரண்டு மடங்கு ஞாபகம் வையுங்கள்.

இரட்டைப்படைக் குச்சிகள்

ஒற்றை நாரால் சுற்றினால் இரண்டாம் சுற்று முதல் சுற்றையே திருப்பிச் செய்யும். ஒரு குச்சி கூட்டுங்கள்.

குச்சியைவிடத் தடித்த நார்

வேண்டாம்.

பொருள் புதுசு என்றால் படைப்பும் புதுசு என்ற நினைப்பு

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய எட் ராஸ்பாக் (1914–2002) செய்தித்தாளையும் பிளாஸ்டிக்கையும் கூடையாக்கினார். பழங்கூடைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று ஊன்றிப் படித்த மனிதர் அவர். புதிதாக வருகிறவர்கள் செய்தித்தாளைப் பார்க்கிறார்கள், கட்டமைப்பைப் பார்ப்பதில்லை. புதுப்பொருளுக்கும் அதனதன் குணம் உண்டு. செம்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தால் விறைத்துக்கொண்டு கடைசியில் முறியும், சூடாக்கினால் இளகும். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை விட்டால் திமிறி நிமிரும். மூலைக்கு மூலை துணிக் கிளிப் மாட்டாமல் அதைத் தொடாதீர்கள். எனக்கு அந்தப் பட்டைமேல் பெரிய பிரியம் இல்லை, ஆனால் பழகுவதற்கு நல்லது: காய்ந்தது, சுருங்கியது என்று சாக்குச் சொல்லமுடியாது.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

மாணவர் கையிலிருந்து கூடையை வாங்காதீர்கள். ரொம்ப காலம் நான் வாங்கி, நாலு வரிசை சரிசெய்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அழகான கூடையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒருவருக்கும் அடுத்த கூடையைத் தனியாகத் தொடங்கத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து காட்டினால் இடம் வலம் மாறித் தெரியும், அதனால் பக்கத்தில் உட்காருங்கள். இடக்கைக்காரருக்கு மட்டும் எதிரே. கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்து அப்படியே செய்துவிடுவார்.

பச்சை ஓலைக்காரரிடம் நான் அன்று எதுவும் விளக்கவில்லை. வகுப்பறை மூலையில் நிற்கும் அந்தப் பழைய உருவத்தைக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "குடை செருகி வைக்க நல்லா இருக்கே, இதை எப்படிப் பின்னுனீங்க?" என்றார்.