பாம்பனுக்கு தெக்க உள்ள நத்தையும் வடக்க உள்ள நத்தையும் ஒரே கூட்டமா? சாம்பிள் எடுக்குறது எப்படி

ரெண்டு கடல் நத்தையும் கலக்குதா, தனித்தனியான்னு டிஎன்ஏ வச்சு பாக்குற ப்ராஜெக்ட்னு வந்ததும் எல்லாரும் சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்து வரிசைய படிக்குறதுக்கு) எவ்ளோ ஆகும்னு தான் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது குஞ்சு முட்டைய விட்டு எப்படி வெளிய வருதுங்குறத, பாதி பதில் அங்கயே கெடக்கு. சங்கு சங்குப்பூ போடும்ல, அதோட முட்டைக் கூடு தான், ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கிட்டு அறை அறையா இருக்கும், அதுக்குள்ளயே குஞ்சு வளந்து குட்டிச் சங்காவே ஊந்து வெளிய வரும், தண்ணில மிதக்குற பருவமே அதுக்கு கெடையாது. பாறைல ஒட்டிக் கெடக்குற நெரிட்டாங்குற நத்தை வேற ரகம், கல்லுல வெள்ளையா பொட்டு பொட்டா முட்டைய ஒட்டிட்டு போயிரும், அதுலருந்து வர்ற லார்வா, அதாவது மிதக்குற குஞ்சு, வாரக்கணக்குல நீரோட்டத்தோட போகும். மிதந்து போறது ரெண்டு பக்கமும் கலக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஊந்து போறதுக்கு கம்மி. அதனால இப்படி ரெண்டு ரகத்தையும் ஒரே ஏரியாவுல எடுங்க, ஒண்ணு மட்டும் எடுத்தா வித்தியாசம் வந்தாலும் எதனாலன்னு சொல்ல முடியாது.

எடுத்த நத்தை எந்த ரகம்னு தெரியலன்னா லென்ஸ் வச்சு ஓட்டோட உச்சி முனைய பாருங்க. சின்னச் சின்ன சுத்தா நாலஞ்சு இருந்தா பெரும்பாலும் மிதந்து வந்தது, குண்டா ஒண்ணு ரெண்டு சுத்து தான்னா முட்டைக்குள்ளயே வளந்தது. முனை தேஞ்சு போன கிழட்டு ஓட்டுல இது தெரியாது, இளசா பாருங்க.

இடம்: தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வாலிநோக்கம், கீழக்கரை, மண்டபம். வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் மண்டபத்தோட மறுகரை, ராமேஸ்வரம் ஓலைக்குடா, தொண்டி. தொண்டி பக்கம் சேறும் மணலும் தான், பாறை நத்தை வேணும்னா தூண்டில் வளைவு (அலையத் தடுக்க கடலுக்குள்ள போட்ட கல்லு), ஜெட்டி கல்லு எங்க இருக்குன்னு தேடணும். மன்னார் வளைகுடாவுல உள்ள குட்டித் தீவுகள் எல்லாம் தேசிய பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால வைக்காதீங்க. கச்சான் காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) நேரத்துல தென்கடல் கொந்தளிக்கும், வாடைல (வடகிழக்குப் பருவக்காத்துல) வடகடல், அத பாத்து ப்ளான் பண்ணுங்க. சங்குக்கு நீங்க கடல்ல முங்கிக் குளிக்கவே வேணாம், சங்கு கரைக்கு வர்றப்ப கறி எடுக்குற எடத்துல நின்னு கறித்துண்டு கேட்டா குடுப்பாங்க, ஆனா எந்தப் பாருல (கடலடித் திட்டுல) எடுத்ததுன்னு குளிச்ச அண்ணன்கிட்டயே கேட்டு அங்கயே எழுதிக்கோங்க, வியாபாரி கைக்கு போயிட்டா நாலு ஊர் சங்கும் ஒரே குவியலா கலந்துரும், அப்புறம் அந்த சாம்பிளுக்கு மதிப்பே இல்ல.

ஒரு இடத்துக்கு 25, 30 நத்தை போதும். முக்கியமான விஷயம், உயிரோட அப்படியே ஆல்கஹால்ல போட்டா மூடிய இறுக்கிக்கிட்டு உள்ள போயிரும், ஆல்கஹால் உள்ள இறங்காம கறி அழுகிரும். ஓட்ட ஒடச்சு பாதத் தசைல அரிசி அளவு வெட்டி 95 சதவீத எத்தனால்ல போடுங்க, குடல் பக்கம் வேணாம், தின்ன பாசியோட டிஎன்ஏவும் கூட வரும். மறுநாள் ஆல்கஹால மாத்துங்க. ஃபார்மலின் பக்கமே போகாதீங்க. லேபல பென்சில்ல எழுதி குப்பிக்குள்ள போடுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சுரும்.

நத்தைல கொழகொழப்பு ஜாஸ்தி, அது பிசிஆர (டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்குற வேலைய) கெடுக்கும், அதனால சிடேப் (CTAB) முறைல டிஎன்ஏ எடுங்க. மொதல்ல மைட்டோகாண்ட்ரியாவுல உள்ள சிஓஐ (COI) ஜீன், அத நகலெடுக்க 1994ல வந்த ஃபோல்மர் ப்ரைமரே போதும், 650 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) கிட்ட கெடைக்கும். ஆனா அது தாய்வழி மட்டும் தான், ரெண்டு பெத்தவங்க வழியும் தெரியுற மைக்ரோசாட்டிலைட்டோ எஸ்என்பியோ (SNP, ஒத்தை எழுத்து வித்தியாசம்) கூட வச்சுக்கோங்க.

எஃப்எஸ்டி (FST, ரெண்டு கூட்டத்துக்கும் டிஎன்ஏல எவ்ளோ வித்தியாசம்னு சொல்ற எண்) சைபர் கிட்ட வந்துருச்சுன்னு உடனே “ரெண்டு கடலுக்கும் லார்வா போக்குவரத்து இருக்கு”ன்னு எழுதிறாதீங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, பாக் விரிகுடா மொத்தமும் அப்ப தரை. இப்ப வடகடல்ல இருக்குற நத்தை எல்லாம் அதுக்கப்புறம் வந்து குடியேறுனது தான், ஒத்துமைக்கு இன்னைய நீரோட்டம் தான் காரணம்னு இல்ல, பழைய சொந்தமாவும் இருக்கலாம். நீரோட்டமும் வாடைல ஒரு திசை, கச்சான்ல எதிர்த் திசை, அதனால அந்த நத்தை எந்த மாசம் முட்ட போடுதுன்னு கரைல பாத்து குறிச்சு வச்சா தான் லார்வா எந்தப் பக்கம் போயிருக்கும்னு பேசவே முடியும்.