நீனா சிமோனின் முதல் ஆல்பம்: குரலை விட்டுவிட்டு விரல்களைக் கேளுங்கள்

ஜாஸ் பாடகர்களின் ஆல்பத்தை எடுத்தால் பாதிக்கு மேல் பழைய பாட்டுகளாகத்தான் இருக்கும். 1920, 30களில் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டு, பிறகு ஆளாளுக்குப் பாடிப் பாடி எல்லோருக்கும் பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டவை. ஸ்டாண்டர்ட் என்பார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அட்டகாசமாக மாற்றிவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி, எதிலிருந்து மாற்றினார் என்று தெரியாமல் எதை ரசிப்பது?

இதைப் பழகிக்கொள்ள, அமெரிக்கப் பாடகியும் பியானோ கலைஞருமான நீனா சிமோனின் முதல் ஆல்பமான 'லிட்டில் கேர்ள் ப்ளூ'வைத்தான் சிபாரிசு செய்வேன். 1957 கடைசியில் நியூயார்க்கில் பதிவானது, 1959இல் வெளிவந்தது. மூன்றே பேர்: பியானோவும் குரலும் அவர், பேஸ் (கீழ் சுரங்களுக்கான பெரிய தந்தி வாத்தியம்) ஜிம்மி பாண்ட், டிரம்ஸ் ஆல்பர்ட் ஹீத். பின்னணியில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது, அதனால் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாகக் கேட்கும்.

கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயம் மட்டும் தெரிந்தால் போதும். அவர் பாடகியாக வர நினைத்தவரே இல்லை. வட கரோலினாவில் சின்ன வயதிலிருந்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்து வளர்ந்து, மேடையில் கிளாசிக்கல் பியானோ வாசிப்பதுதான் கனவு. 1951இல் ஃபிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப்பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, கறுப்பினப் பெண் என்பதால்தான் என்று கடைசிவரை நம்பினார். 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பாரில் பியானோ வாசிக்கப் போனபோது முதலாளி, பாடவும் செய்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார். மதப் போதகரான அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று யூனிஸ் வேமன் என்ற பெயரை நீனா சிமோன் என்று மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். ஆக, அவருக்குப் பியானோதான் முதலில், குரல் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் பாட்டைப் போட்டதும் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள், வரிகள் புரியவில்லையே என்ற கவலை வேண்டாம்.

முறை இதுதான். ஒரு உட்காரலில் ஒரே பாட்டு. முதலில் யாராவது பாடிய பழைய பதிவு, அடுத்து இவருடையது, இன்னொரு தடவை இவருடையதையே பியானோவை மட்டும் கவனித்து. யூடியூபில் எல்லாமே கிடைக்கும். ஒரே கீர்த்தனையை நாலு பேர் பாடிக் கேட்ட பழக்கம் நமக்கு உண்டுதான், ஆனால் அந்தப் பழக்கம் இங்கே பாதி தூரம்தான் வரும். அங்கே ராகமும் தாளமும் மாறாது. இங்கே வேகம் மாறும், அடியில் போகும் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறும், மெட்டைக்கூட வளைப்பார்கள்.

'லவ் மீ ஆர் லீவ் மீ'யிலிருந்து ஆரம்பியுங்கள். 1928இல் 'ஹூப்பி' நாடகத்துக்கு எழுதியது, ரூத் எட்டிங் பாடிய பதிவைத் தேடுங்கள். அவர் பாடுவதில் ஒரு முனகலும் கெஞ்சலும் இருக்கும். கூடவே பாட்டின் அமைப்பைப் பிடித்துவிடுங்கள்: ஒரு மெட்டு இரண்டு தடவை, அப்புறம் வேறொரு மெட்டு, திரும்ப முதல் மெட்டு. ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளச் சுற்று மாதிரி), மொத்தம் 32. நிறைய ஸ்டாண்டர்ட் பாட்டுகளுக்கு இந்தக் கணக்குதான். இப்போது நீனாவுக்கு வாருங்கள். கெஞ்சல் போய்விட்டது, இருந்தால் இரு இல்லாவிட்டால் கிளம்பு என்கிற தோரணையில் வேகமாகப் போகிறது. குரல் நின்று பியானோ தனியாக எழும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது, திடீரென்று பாக் வந்து உட்கார்ந்துவிடுகிறார்! ஒரு கை ஒன்றைச் சொல்ல மறு கை அதற்குப் பதில் சொல்லி, இரண்டு இழையாகப் பின்னிக்கொண்டே போகும், ஆனால் அடியில் பேஸும் டிரம்ஸும் ஜாஸை விடவே இல்லை. இந்த இடத்தில் பழைய மெட்டை மனசுக்குள் முணுமுணுத்துப் பாருங்கள். கணக்கு எங்கேயும் உடையவில்லை என்பது தெரியும். தெரியாவிட்டால் மறுபடி போடுங்கள், இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும்.

அடுத்தது தலைப்புப் பாட்டு. முன்னால் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1956 பதிவைக் கேளுங்கள், வளவளப்பில்லாமல் மெட்டை அப்படியே தருவார். நீனா ஆரம்பிப்பது அந்த மெட்டிலேயே இல்லை, 'குட் கிங் வென்சஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டில். கான்வென்ட்டில் படித்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இது ஏதோ முன்னுரை என்று நினைக்கும்போது அவர் பாடத் தொடங்குகிறார், அந்தக் கிறிஸ்துமஸ் மெட்டோ நிற்காமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை அதை மட்டும் பின்தொடருங்கள், குரலைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆல்பத்திலேயே எனக்கு இதுதான் உச்சம்.

'மூட் இண்டிகோ'வுக்கு, ஜாஸ் இசைக்குழுத் தலைவர் ட்யூக் எலிங்டனின் 1930 பதிவு. அதில் வாயில் அடைப்பு வைத்த ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் மேலே ஒலிக்க, கிளாரினெட் வழக்கத்துக்கு மாறாக அடியில் கிடக்கும், பாட்டே அசைய மாட்டேன் என்பது போல மெதுவாகப் போகும். நீனா அதைத் துள்ள வைத்துவிட்டார். சோகப் பாட்டை ஏன் இப்படி என்று கோபம் வந்தாலும் தப்பில்லை, பிடிக்காமல் போவதும் கேட்பதில் சேர்த்திதான்.

'ஐ லவ்ஸ் யூ போர்கி'யில் வித்தை எதுவும் தேட வேண்டாம். இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 1935 ஓபராவிலிருந்து வந்தது, பாடகி பில்லி ஹாலிடேயின் பதிவைக் கேட்டுத்தான் நீனா இதைக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் அவருடைய முதல் ஹிட், ஹிட் பட்டியலில் முதல் இருபதுக்குள் போனது. இங்கே கவனிக்க வேண்டியது பியானோ எங்கெல்லாம் சும்மா இருக்கிறது என்பதைத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ'யைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து, பதிவாகி முப்பது வருஷம் கழித்துப் பிரிட்டனில் ஹிட் ஆனது. 1930 பாட்டு, ஆனால் நீனா பாடுவதில் எலிசபெத் டெய்லர் பெயர் வருகிறது, 1930இல் அவர் பிறக்கவே இல்லை! நட்சத்திரங்களின் பெயரைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதும் இந்த மரபில் சகஜம். இதில் ஒரு எரிச்சல், இந்த ஆல்பத்தின் உரிமையை அவர் 3,000 டாலருக்கு விற்றிருந்தார்.

குரலே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் மூன்று இருக்கின்றன: 'குட் பெய்ட்', 'யூ வில் நெவர் வாக் அலோன்', 'சென்ட்ரல் பார்க் ப்ளூஸ்'. பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுவார்கள், முதலாவதை மட்டுமாவது தாண்டாதீர்கள்.

வாங்கும்போது ஒன்று: மூல ஆல்பத்தில் 11 பாட்டு, சில சிடிகளில் 14 இருக்கும். கூடுதலான மூன்றும் அதே காலத்துப் பதிவுகள்தான், 'ஃபார் ஆல் வீ நோ' அதில் வருவதால் 14 உள்ளதையே எடுங்கள், அதிலும் பாக்தான். கச்சேரிப் பதிவுகளும் இதே பாட்டுப் பெயர்களில் ஏராளமாகக் கிடப்பதால் தேடும்போது ஆல்பம் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் வேறெதையோ கேட்டுவிட்டு நான் சொன்னது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இது பழகிவிட்டால் அடுத்து ஷெர்லி ஹார்ன். அவரும் தானே வாசித்துத் தானே பாடியவர்தான், ஆனால் வேகம் நேரெதிர், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நீங்கள் காபி போட்டுவிட்டு வந்துவிடலாம்.