முதல் அறுபது அடிக்குள்ள கிடந்த அரைச் செக்கன்

என்னட்டை நிக்கிறது 2010ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் எஸ்.ஐ. 197 குதிரைவலு, ஆறு கியர், முன்சில்லு இழுக்கிற கார். இரவு வேலைக்குப் போறதும் அதிலதான், மனுசியோட மரக்கறி வாங்கப் போறதும் அதிலதான். கோடைக்கு ஏழெட்டுத் தரம் ஸ்காபரோவிலயிருந்து ஒன்ராறியோவின்ரை கேயுகாவில இருக்கிற ரொறன்ரோ மோட்டர்ஸ்போர்ட்ஸ் பார்க் எண்ட கார்ப் பந்தயத் தடத்துக்குப் போய், நிண்ட இடத்திலயிருந்து நேராய் கால் மைல் நேரம் பிடிச்சு ஓடிப்போட்டு வருவன். முதல் நாள் 15.58 செக்கன். போன வருசக் கடைசி ஓட்டம் 15.09. எஞ்சினுக்குள்ள ஒரு ஆணிகூடக் கழட்டேல்லை.

ஓடி முடிய ஒரு சின்னக் கடதாசித் துண்டு தருவினம். எல்லாரும் அடியில இருக்கிற கால் மைல் நேரத்தைத்தான் பாப்பினம். நீங்கள் மேல இருக்கிற "60 அடி" எண்ட வரியைப் பாருங்கோ, முதல் அறுபது அடி ஓட எடுத்த நேரம் அது. என்ரை முதல் துண்டில அது 2.52, கடைசித் துண்டில 2.24. கோட்டைக் கடக்கேக்கை இருந்த வேகம் ரெண்டு நாளும் கிட்டத்தட்ட மணிக்கு 93 மைல்தான். முடிவு வேகம் எஞ்சினின்ரை பலத்தைச் சொல்லும், அறுபது அடி உங்கட காலையும் ரயரையும் சொல்லும். அங்கை 0.1 செக்கன் மிச்சம் பிடிச்சால் கடைசியில 0.15இலிருந்து 0.2 வரை குறையும். ஏனெண்டால் முதல்லயே எடுத்த வேகத்தை மிச்சத் தூரம் முழுக்கக் கொண்டு போறியள்.

முன்சில்லுக் காருக்கு ஒரு பிறவிக்குறை இருக்கு. வெளிக்கிடேக்கை பாரம் பின்னுக்குச் சாயும். மஸ்ராங் வைச்சிருக்கிறவனுக்கு அது வரம், அவன்ரை இழுக்கிற சில்லு பின்னால. எங்களுக்கு, இழுக்கிற சில்லுக்குப் பாரம் வேண்டிய அந்த நேரத்திலதான் அது விட்டிட்டுப் போகுது. கீழ சொல்லுற எல்லாம் இந்த ஒண்டைச் சமாளிக்கிற வேலைதான்.

முதல்ல டிக்கியை வெறுமையாக்குங்கோ. ஸ்பெயார் சில்லு, ஜாக்கி, பனிக்கால மண்வெட்டி, போன கிழமை வாங்கின அரிசி மூட்டை, எல்லாத்தையும் வீட்டிலயே விடுங்கோ. பின்பாரம் குறைஞ்சால் மொத்தப் பாரமும் குறையும், முன்சில்லின்ரை பங்கும் கூடும்.

பிறகு காத்து. இதிலதான் எனக்குக் கன நாள் போனது. ஸ்காபரோவிலயிருந்து அங்கை போகக் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம். போய் இறங்கேக்கை ரயர் சூடாகி, காத்தழுத்தம் காலமை இருந்ததைவிட நாலு பி.எஸ்.ஐ. ஏறி நிக்கும். அதைப் பாக்காமல் அப்பிடியே கோட்டுக்குப் போனால் ரயர் பந்து மாதிரி நடுவால மட்டும் தொடும். நான் வரிசையில நிக்கேக்கை கேஜ் வைச்சு முன்னுக்கு 30க்கு இறக்குவன். ஒரு ஓட்டம் ஓடி அறுபது அடியைப் பாப்பன். பிறகு 28, பிறகு 26. என்ரை காருக்கு 27இல நல்லாய்ப் பிடிச்சது. 25க்கு வந்தால் ஸ்ரியரிங் மெழுகு மாதிரி ஆடுது, நேரமும் குறையேல்லை. சாதாரண ரோட்டு ரயருக்கு அதுக்குக் கீழ போகாதேங்கோ. பின்சில்லு ரெண்டுக்கும் 40 அடிச்சு விடுங்கோ, ரயரின்ரை பக்கத்தில எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல். அது சும்மா உருண்டு வந்தால் போதும். ஒரு ஓட்டத்துக்கு ஒண்டைத்தான் மாத்த வேணும். ரெண்டை மாத்தினால் எது வேலை செய்தது எண்டு தெரியாது.

ஓடுதடத்துக்கு முன்னால ஒரு தண்ணிக் குட்டை இருக்கும். அது பூப்போடாத ரேஸ் ரயர்காரருக்கு. முதல் நாள் எனக்கு முன்னால ஒரு கமாரோ கார் அதுக்குள்ள இறங்கிப் புகை எழுப்ப, நானும் பின்னால இறங்கிப்போட்டன். ரோட்டு ரயரின்ரை வெட்டுக்குள்ள தண்ணி நிண்டிட்டுது. கோட்டில கிளச்சை விட்டால் சவுக்காரத்தில ஏறி நிண்ட மாதிரி. அண்டைக்குத்தான் அந்த 2.52. குட்டையைச் சுத்திப் போங்கோ. காய்ஞ்ச இடத்தில ஒரு ரெண்டு செக்கன் சில்லைச் சுத்தவிட்டு, ஒட்டியிருக்கிற கல்லையும் மண்ணையும் உதறினால் காணும். கூடச் சூடாக்கினால் ரோட்டு ரயர் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும்.

ஏ.சி.யை வரிசையிலயே நிப்பாட்டுங்கோ. அதில வடியிற தண்ணி நேரே தொடக்கக் கோட்டில சொட்டும், பின்னால வாறவன் சறுக்குவான். கார் சறுக்காமல் பாக்கிற வி.எஸ்.ஏ.யின்ரை பொத்தானை அமத்திப் பிடிச்சு, அதையும் நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி சில்லு கொஞ்சம் சுத்தின உடனே கார் தானாய் எஞ்சினை அடக்கிப்போடும்.

இப்ப லைற்றுத் தூண், கிறிஸ்மஸ் மரம் எண்டு சொல்லுவினம். மேல ரெண்டு சோடிச் சின்ன லைற். முதல் சோடி எரிஞ்சால் கிட்ட வந்திட்டியள், ரெண்டாவது எரிஞ்சால் கோட்டில நிக்கிறியள். ரெண்டாவது எரியிற அந்தக் கணத்திலேயே நில்லுங்கோ, ஒரு விரற்கடைகூட முன்னுக்குப் போகாதேங்கோ. முன்ரயர் ஒளிக்கதிரை விட்டு வெளியில போகேக்கைதான் மணிக்கூடு தொடங்கும். அப்பிடி நிண்டால் ஒரு அடிக்குக் கிட்ட கார் இலவசமாய் உருளும். பிறகு மூண்டு மஞ்சள், அரைச் செக்கனுக்கு ஒண்டாய், அதுக்குப் பிறகு பச்சை. பக்கத்துக் காரோட போட்டியெண்டால் மூண்டாவது மஞ்சளோட வெளிக்கிட வேணும். உங்கட நேரத்தை மட்டும் குறைக்க வந்தனீங்கள் எண்டால் பச்சையைப் பாத்து மூச்சு விட்டிட்டுப் போனாலும் பரவாயில்லை. நீங்கள் யோசிச்சுக்கொண்டு நிக்கிற நேரம் கால் மைல் கணக்கில சேராது.

கிளச்தான் மிச்சம். நிமிசத்துக்கு 3,500 சுத்துக்கு எஞ்சினை ஏத்தி அங்கையே பிடியுங்கோ. கிளச்சைக் கடிக்கிற இடம் வரைக்கும் கெதியாய் விட்டு, அதிலயிருந்து முழுக்க விட ஒரு செக்கன் எடுங்கோ. வலது கால் அந்த ஒரு செக்கனும் பாதியில நிக்க வேணும். கிளச் முழுக்க ஒட்டினாப் பிறகுதான் தரை வரைக்கும் மிதிக்கிறது. காது குடுத்துக் கேளுங்கோ: ரயர் மெல்லிசாய் "ஸ்ஸ்" எண்டால் சரி. அது கத்தினால் நீங்கள் ரயர் எரிக்கிறியள், ஓடேல்லை. எஞ்சின் படுத்து இருமினால் 300 சுத்துக் கூட்டுங்கோ. கத்தினால் 300 குறையுங்கோ. நான் 3,200இல போய் நிண்டன். உங்கட கார் வேற இடத்தில நிக்கும்.

முன்சில்லு "டக்டக்டக்" எண்டு குதிச்சு டாஷ்போர்ட் நடுங்கினால் உடனே காலை எடுங்கோ. "இன்னும் கொஞ்சம் பிடிச்சால் சரியாகிடும்" எண்டு நான் ஒருக்கால் பிடிச்சன். வலப்பக்க அக்சில் போய், காரைக் கட்டியிழுத்துக்கொண்டு வர வேண்டியதாப் போச்சு. வீட்டில மூண்டு நாள் கதை இல்லை. அதுக்குப் பிறகுதான் எஞ்சினைத் தாங்குற பின் மவுண்டை இறுக்கமான ரப்பருக்கு மாத்தினன். குதிப்பு பாதிக்கு மேல அடங்கிட்டுது. சிகப்பு லைற்றில நிக்கேக்கை சீற்றெல்லாம் அதிரும், அதைப் பொறுக்க வேணும். காசு செலவழிக்கிறதெண்டால் முதல்ல இதுக்கு, பிறகு ஒட்டுற ரயருக்கு. குளிர்காத்து இழுக்கிற குழாய், சத்தம் போடுற சைலென்சர் எல்லாம் பிறகு பாக்கலாம்.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு காத்துக் குளிர்ந்து எஞ்சின் நல்லாய் மூச்செடுக்கும். ஆனால் பனி இறங்கத் தொடங்கினால் தடம் ஈரிச்சுப்போகும், அப்ப மூட்டையைக் கட்டுங்கோ. ஒக்ரோபரில 7 பாகைக்குக் கீழ போனால் கோடை ரயர் பிளாஸ்ரிக் மாதிரி இறுகிடும், சும்மா போய் வீணாய் ஓடாதேங்கோ.

ஹெல்மெற், நீளக் காற்சட்டை, விரல் மூடின சப்பாத்து கொண்டு போங்கோ. செருப்போட வந்த பெடியளைத் திருப்பி விட்டதைப் பாத்திருக்கிறன். சில்லு நட்டுகளை 80 அடி-இறாத்தலுக்கு இறுக்குங்கோ, சிவிக்குக்கு அதுதான் அளவு.

கிளச் பழகிறதெண்டு கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில தொடங்காதேங்கோ. ஒன்ராறியோவில திரும்பேக்கை வேணுமெண்டே ரயரின்ரை பிடி விட்டுப்போக ஓட்டுறதும் ஸ்டண்ட் ஓட்டம்தான். 2021 ஜூலைக்குப் பிறகு அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் போகும், 14 நாள் கார் போகும், குற்றம் நிரூபணமானால் தண்டம் குறைஞ்சது 2,000 டொலர். அந்தக் காசுக்குக் கேயுகாவில எத்தினை இரவு ஓடலாம்.

ஓடி முடிஞ்சு வீட்டை வெளிக்கிட முதல் பன்னிரண்டு வோல்ட் பம்பைக் கொழுவி, முன்சில்லுக்குத் திரும்பக் காத்து அடியுங்கோ, பின்னுக்குக் குறையுங்கோ. கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குக் கொண்டுவராமல் நெடுஞ்சாலை ஏறாதேங்கோ. நான் ஒரு இரவு மறந்துபோய், ஹமில்ரன் தாண்டி ஒரு வளைவில கார் பாயோட இழுபட்ட மாதிரிப் போனாப் பிறகு, இப்ப அந்தப் பம்பைத் திறப்புக்குப் பக்கத்திலேயே வைச்சிருக்கிறன்.